மறைஞானம்: மூடிய வாய், நீட்டிய கை, கம்பளி உடை

வேளாங்கண்ணியில் மாதா மன்றாட்டுமாலை சொல்லும்போது நடுவில் ஒரு வரி வரும்: ‘மறைபொருளின் ரோசா மலரே’. கூட்டம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இலத்தீனில் அந்த வரி ‘ரோசா மிஸ்டிகா’. ரோசா தமிழில் ரோசாவாகவே நின்றுவிட்டது. சிக்கல் மிஸ்டிகாவில்தான். அதே சொல்லின் வழியில் வந்த ‘மிஸ்டிசிசம்’ கட்டுரைகளில் ‘மறைஞானம்’ ஆகிறது. யூதரின் கப்பாலா, கிறித்தவத் துறவிகளின் மௌனத் தியானம், இஸ்லாமியரின் தஸவ்வுஃப் (சூஃபி நெறி) மூன்றுக்கும் சேர்த்து இந்த ஒரே சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். சொல் அழகானதுதான். ஆனால் காவிரிப் படுகையில் இதை எழுதினால் படிப்பவர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார்கள்.

காரணம் ‘மறை’. இதன் வினைப்பொருள் ஒளிதல், ஒளித்தல். ‘நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்’ என்ற குறளில் மறைமொழி மந்திரத்தைக் குறிக்கிறது. வேதத்துக்கும் மறை என்றே பெயர். வேதாரண்யம் தமிழில் திருமறைக்காடு. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோயில் கதவு அது. அப்பர் பதிகம் முழுவதும் பாடிய பிறகே திறந்தது, சம்பந்தர் பாடியபோது முதற்பாட்டிலேயே அடைத்துக்கொண்டது என்பது பெரியபுராணம். ஒளிந்திருப்பது, ஓதப்படுவது என்ற இரு பொருளும் அந்த ஊர்ப்பெயரில் ஒன்றாகக் கிடக்கின்றன. சைவத்தில் சந்தான குரவர், அதாவது குருவழியில் வந்த சாத்திர ஆசிரியர், நால்வரில் மூன்றாமவர் மறைஞானசம்பந்தர். அந்தப் பெயரில் உள்ள மறைஞானம் வேத ஞானம். ஆதீனத்துச் சாத்திரம் படித்த ஒருவரிடம் ‘மறைஞானம்’ என்று சொல்லிப் பாருங்கள், அவர் நினைவு கடந்தைக்கும் (பெண்ணாடம்) சிதம்பரத்துக்கும் போகுமே தவிர ஸ்பெயினின் கிறித்தவத் துறவிகளிடம் போகாது.

கிறித்தவத் தமிழில் இன்னொரு முடிச்சு. தஞ்சை, கும்பகோணம் பகுதியில் தேவாலயத்துக்கு ‘வேதக்கோயில்’ என்ற பேச்சு வழக்கு உண்டு. அங்கே வேதம் என்றால் கிறித்தவ மதம். கத்தோலிக்கர் வடசொல்லைக் குறைத்து எழுதத் தொடங்கியபோது அந்த ‘வேத’ எல்லாம் ‘மறை’ ஆனது: வேதசாட்சி மறைசாட்சி ஆனார், ஞானோபதேசம் மறைக்கல்வி ஆனது, மறைமாவட்டம், மறையுரை என்று வரிசை நீண்டது. இந்தக் கணக்கில் மறைஞானம் என்றால் ‘மத அறிவு’, அதாவது ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்! ஆனால் அதே கத்தோலிக்கத் தமிழில் ‘மறைபொருள்’ என்ற கூட்டில் மட்டும் மறை ஒளிந்திருப்பதையே குறிக்கிறது. எபேசியர் திருமுகத்தில் வரும் ‘மிஸ்டேரியோன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு ‘இரகசியம்’ என்கிறது, கத்தோலிக்கர் ஆளும் பொது மொழிபெயர்ப்பு ‘மறைபொருள்’ என்கிறது. இரண்டில் மறைபொருளே மேல். இரகசியத்தைச் சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும். மறைபொருள் சொன்ன பிறகும் தீராது.

‘ஞானம்’ பாதியும் சும்மா இல்லை. ஞானஸ்நானம், ஞானத்தந்தை, ஞான ஒடுக்கம் என்று கிறித்தவர் சொல்லும்போது அது வெறும் அடைமொழி, ‘ஆன்மாவைச் சார்ந்த’ என்று பொருள். சைவருக்குச் சரியை, கிரியை, யோகம் தாண்டிய நான்காம் படி. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்களுக்கு மெய்ஞ்ஞானம் என்றால் மஃரிபத், இறைவனை அறிந்த அறிவு. ஷரீஅத், தரீகத், ஹகீகத், மஃரிபத் என்ற நான்கையும் சைவத்தின் நான்கு படிகளோடு ஒன்றுக்கொன்று பொருத்தி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும்தான் பொருந்துகிறது. சரியை என்பது கோயில் பணி. ஷரீஅத் தொழுகை முதல் வாரிசுப் பங்கு வரை வாழ்க்கை முழுவதற்குமான சட்டம்.

இனி வேர்களுக்கு வருவோம். மிஸ்டிகோஸ் என்ற கிரேக்கச் சொல்லின் அடியில் கிடப்பது ‘மூயெய்ன்’ என்ற வினை: கண்ணையோ வாயையோ மூடுதல். பண்டைக் கிரேக்கத்தின் எலியூசிஸ் நகரத்துச் சடங்கில் தீட்சை பெற்றவன் ‘மூஸ்டேஸ்’. கண்டதை வெளியே சொல்லக்கூடாது. கிறித்தவர்கள் இச்சொல்லை முதலில் வேதவாக்கியத்தின் உட்பொருளுக்கும் நற்கருணைச் சடங்குக்கும் ஆண்டார்கள். கி.பி. 500 அளவில், தியோனீசியு என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் ‘மிஸ்டிக இறையியல்’ என்று ஒரு சிறு நூலுக்குத் தலைப்பு வைத்தார். கடவுளைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒவ்வொன்றையும் ‘இது அல்ல, இது அல்ல’ என்று நீக்கிக்கொண்டே போய் வாய் அடைத்து நிற்கும் நூல் அது. ‘மிஸ்டிக்’ என்று ஓர் ஆளையும், தனித்த ஒரு துறையையும் சுட்டும் வழக்கு பரவியது மிகவும் பின்னால், 17-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில்.

தமிழிலும் ‘மூய்தல்’ என்றால் மூடுதல் என்று அகராதி சொல்கிறது. உடனே கிரேக்கம் நம்மிடமிருந்து வாங்கியது என்று கிளம்ப வேண்டாம். ஓசை ஒத்துப்போவது சொற்பிறப்பு ஆகாது. இதே தவறு சூஃபியிலும் நடந்தது, அதைக் கீழே பார்ப்போம். வாயடைத்தல் என்ற கருத்துக்குத் தமிழில் தனியே சொல் தேட வேண்டியதே இல்லை. வேதாரண்யத்துக் குடும்பத்தில் வந்த தாயுமானவர் ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று பாடினார். கீழைத் திருச்சபைத் துறவிகள் கிரேக்க நாட்டு ஆதோஸ் மலையில் ‘ஹெசிக்கியா’ என்பதும் இதுதான். அமைதி என்று அதை மொழிபெயர்த்தால் சப்பென்று இருக்கிறது. ‘சும்மா இருத்தல்’ சரியாக உட்காருகிறது.

எபிரேயத்தில் வாய் மூடுவதில்லை, கை நீள்கிறது. ‘கப்பாலா’வின் வேர் க-ப-ல, பெற்றுக்கொள்ளுதல். ‘மோசே சீனாயில் தோராவைப் பெற்றார், யோசுவாவிடம் ஒப்படைத்தார்’ என்று தொடங்கும் பழைய யூத நூல் ஒன்றில் ‘பெற்றார்’ என்ற இடத்தில் நிற்பது இந்த வேர்ச்சொல். இன்று இஸ்ரேலில் கடைக்காரர் கிழித்துக் கொடுக்கும் ரசீதும் கப்பாலாதான். ஆக இதில் முதன்மை ஒளிவு அல்ல, வழிவழியாகக் கைமாறுவது. ‘குருமுறை’ அல்லது ‘சந்தானம்’ என்றால் தமிழருக்கு எட்டும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினின் காஸ்டீலில் அரமேய மொழியில் வெளிவந்த ஸோஹர் இந்த மரபின் பெருநூல். 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் ஸஃபேத் நகரம் இதன் தலைமையிடம்.

அங்கே 1572-இல் இறந்த ஈசாக் லூரியாவின் கலைச்சொல் ஒன்று மொழிபெயர்ப்பாளரைக் கவிழ்க்கும்: ‘ஸிம்ஸும்’. உலகத்துக்கு இடம் விட இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டான் என்பது கருத்து. கை தானாக ‘ஒடுக்கம்’ என்று எழுதப் பார்க்கும். எழுதக்கூடாது. சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் ஒடுங்குவது உலகம், அது ஒடுங்கும் இடம் இறைவன். லூரியாவிடம் சுருங்குவது இறைவன், அதனால் தோன்றுவது உலகம். திசை தலைகீழ். ‘தற்சுருக்கம்’ என்றால் போதும்.

எனக்கு இந்த மரபில் பிடித்த சொல் ‘தெவேகூத்’. இறைவனோடு ஒட்டியிருத்தல். இதே வேரில் பிறந்த ‘தெவெக்’ இன்றைய எபிரேயத்தில் பசை. தமிழில் இதற்கு நேராக நிற்பது ‘பற்று’. உபாகமத்தில் இவ்வேர் வரும் இடத்தில் பழைய தமிழ் வேதாகமமே ‘கர்த்தரைப் பற்றிக்கொண்ட நீங்கள்’ என்கிறது. பற்று என்றவுடன் துறக்க வேண்டிய ஒன்று என்று நினைப்பு ஓடும். ஆனால் வீட்டில் அந்தச் சொல் எங்கே கிடக்கிறது பாருங்கள். சோறு ஒட்டிய ஏனம் பற்றுப் பாத்திரம், பேச்சில் பத்துப் பாத்திரம். தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் போடுவது பத்து. பொற்கொல்லர் இரு முனைகளைச் சேர்க்க வைப்பது பற்றாசு. பற்றாசு நகையைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும், இல்லையென்றால் ஊதும்போது நகையே உருகிவிடும். ஒட்டிய பிறகும் இரு முனையும் இரு முனைதான். பெரும்பாலான யூத ஆசிரியர்கள் தெவேகூத்தை இப்படித்தான் விளக்குகிறார்கள். மனிதன் இறைவனாகிவிடுவதில்லை. ஆகவே ‘இரண்டறக் கலத்தல்’, ‘ஐக்கியம்’ என்று எழுதுவது பிழை.

மூன்றாவது சொல்லில் வாயும் இல்லை, கையும் இல்லை, உடைதான். ‘ஸூஃப்’ அரபியில் கம்பளி. தஸவ்வுஃப் இலக்கணப்படி ‘கம்பளி உடுத்தல்’. சட்டையைக் குறிக்கும் கமீஸிலிருந்து ‘தகம்மஸ’, சட்டை போட்டான், என்று வருவதைப் போல. நம் ஊரில் ‘அவர் காவி கட்டிவிட்டார்’ என்றால் துணியின் நிறத்தையா சொல்கிறோம்? அதே அமைப்புதான். (சித்திரை வெயிலில் நாகையில் கம்பளி உடுத்துவதைக் கற்பனை செய்தால் அந்தத் துறவின் கடுமை கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.)

‘ஸஃபா’, அதாவது தூய்மை, என்பதிலிருந்து சூஃபி வந்தது என்று மேடைகளில் சொல்வார்கள். நபியின் பள்ளிவாசல் திண்ணையான ‘ஸுஃப்ஃபா’விலிருந்து என்றும் சொல்வார்கள். பொருள் இனிக்கிறது, இலக்கணம் இடிக்கிறது. ஸுஃப்ஃபாவிலிருந்து வந்தால் ‘ஸுஃப்ஃபி’ என்று ஆகியிருக்கும். கிரேக்க ‘சோஃபியா’விலிருந்து என்ற ஊகத்தை 1894-இல் நோல்டெக்கே என்ற ஜெர்மானிய அறிஞர் முறித்தார். கிரேக்கச் சகரம் அரபிக்கு வரும்போது மெல்லிய ‘ஸீன்’ ஆகும், ஃபைலஸூஃப், அதாவது தத்துவி, என்ற சொல்லில் ஆனதைப் போல. சூஃபியில் இருப்பதோ அழுத்தமான ‘ஸாத்’. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால்தான் இந்தக் கதை இங்கே இன்னும் ஓடுகிறது.

தஸவ்வுஃபின் உட்சொற்களில் அடிக்கடி கெடுவது ‘ஃபனா’. இதை முக்தி என்று எழுதிவிடுகிறார்கள். ஃபனா அழிதல், ‘நான்’ என்பது போய்விடுதல். அதன் பிறகு ‘பகா’ உண்டு: இறைவனால் நிலைத்து மறுபடி தொழுகைக்கும் தெருவுக்கும் திரும்புதல். 910-இல் இறந்த பாக்தாத் ஜுனைது போன்றோர் அந்தத் திரும்புதலை வற்புறுத்தினார்கள். முக்தி என்றால் திரும்புதல் விடுபட்டுப் போகிறது. இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி ஏகத்துவத்தின் நான்கு நிலைகளுக்கு ஒரு வால்நட் (அக்ரூட்) கொட்டையைக் காட்டினார்: மேல்தோல், ஓடு, பருப்பு, எண்ணெய். நாவால் மட்டும் கலிமா சொல்வது மேல்தோல். தின்றால் கசக்கும், அடுப்பில் வைத்தால் புகைந்து நெருப்பை அணைக்கும். முத்துப்பேட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இதைச் சொல்ல அக்கொட்டை எதற்கு, தேங்காய் இருக்கிறதே. அரபியில் அந்தக் கொட்டை ‘ஜவ்ஸ்’, தேங்காய் ‘ஜவ்ஸ் ஹிந்தி’, இந்தியக் கொட்டை.

ஒரு சொல் ஊர்விட்டு ஊர் வரும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு நாகூரே சான்று. இறைநேசர் மறைந்த நாளை வட இந்தியாவில் ‘உர்ஸ்’ என்பார்கள், அரபியில் அது திருமணம். சாவு இறைவனோடு ஓர் ஒன்றுகூடல். நாகூரில் ஜமாதுல் ஆகிர் மாதம் 14 நாள் நடப்பது ‘கந்தூரி’. பாரசீகத்தில் அது உணவு பரிமாற விரிக்கும் விரிப்பு. திருமணத்தில் நமக்குப் பந்திதான் நினைவில் நின்றது.

அப்படியானால் மூன்றுக்கும் பொதுவான தமிழ்ச்சொல் எது? ‘மாயவாதம்’ கூடாது, அது அத்வைதத்தை இடித்துரைக்க வைத்த பெயர். ‘மாந்திரீகம்’, ‘சித்து’ இரண்டும் கராமத்துக்கும் (இறைநேசரின் அற்புதம்) தாயத்துக்கும் போய்விடும். ‘ஆன்மிகம்’ இன்று பத்திரிகையின் வெள்ளிக்கிழமை இணைப்பு. மூன்று மரபும் ஒத்துப்போகும் ஒரே இடம் நாக்கு. கஸ்ஸாலி இவ்வறிவை ‘தவ்க்’, சுவைத்தல், என்கிறார். ‘கர்த்தர் நல்லவர் என்பதை ருசித்துப்பாருங்கள்’ என்ற சங்கீதம் யூதருக்கும் கிறித்தவருக்கும் பொது. தானே பட்டு அறிவது. இதற்கு அருணகிரிநாதர் கையில் புழங்கிய ‘அனுபூதி’ இருக்கிறது. வடசொல் வேண்டாம் என்பவர் ‘இறைப்பட்டறிவு’ என்று எழுதலாம், கரடுமுரடாக இருந்தாலும் பொருள் பிசகாது. தலைப்புக்கு ‘மறைஞானம்’ ஒட்டிக்கொண்டுவிட்டது, இருக்கட்டும். கட்டுரைக்குள் கப்பாலா, சூஃபி நெறி என்று அவரவர் பெயரையே சொல்லுங்கள். எழுத்துப்பிழை ஒன்று: மறைஞானத்தில் இடையே ஒற்று மிகாது, மெய்ஞ்ஞானத்தில் ஞகர ஒற்று கட்டாயம்.

மொழிபெயர்த்துப் பழக நல்ல பகுதி ஒன்று உண்டு. ஸ்பெயினின் அவிலா நகரத் துறவி தெரேசா தம் வாழ்க்கை வரலாற்றின் 11-ஆம் அதிகாரத்திலிருந்து செபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் நான்கு வழிகளாகச் சொல்கிறார். முதலாவது கிணற்றில் கையால் இறைப்பது. பாடு அதிகம், தண்ணீர் கொஞ்சம். இதற்கு ‘ஏற்றம்’ பொருந்தும். இரண்டாவது ‘நோரியா’. அதைக் ‘கமலை’ என்று எழுதிவிடாதீர்கள். கமலையில் மாடு சரிவில் இறங்கி ஏறும், தோற்பை ஒன்று. நோரியாவில் சக்கரத்தில் கோத்த கலயங்கள் வரிசையாக மேலே வரும், ‘கலயச் சக்கரம்’ என்று எழுதுவதே நேர்மை. நோரியாவும் கலயத்துக்கு அவர் சொல்லும் ‘அர்காதுஸ்’ என்பதும் அரபியிலிருந்து ஸ்பானியத்துக்குப் போன சொற்கள். மூன்றாவது ஆற்றுப் பாய்ச்சல், மண் ஊறி நிற்கும், அடிக்கடி பாய்ச்ச வேண்டாம். நான்காவது மழை, தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை. 12-ஆம் அதிகாரத்தில் ஓர் எச்சரிக்கை: மழையை எதிர்பார்த்து, இறைவன் நிறுத்துமுன் நாமே புத்தியை நிறுத்தப் பார்த்தால் மந்தமாய், சில்லிட்டுப்போய் நின்றுவிடுவோம். கடைமடைக்காரருக்கு இதை விளக்க உரை வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள் என்ற செய்தி கேட்டதும் இறைப்பதை நிறுத்தியவரின் நாற்றங்கால் என்ன ஆகும் என்று தலைஞாயிற்றில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.