ஏரித் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, சரி. அடிச்சேற்றை யார் பார்த்தார்கள்?

கடலோர நகரத்து ஏரி எதுவானாலும் முதலில் நம் கைக்கு வருவது தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைதான். உலோகங்கள் வரம்புக்குள் இருக்கின்றன, அப்புறம் என்ன கவலை என்று கேட்பவர்களை இந்த வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீர் மழைக்கு ஒரு மாதிரி, ஓதத்துக்கு ஒரு மாதிரி மாறிக்கொண்டே இருக்கும். சாக்கடையிலும் மழைநீர்க் கால்வாயிலும் வருகிற ஈயம், தாமிரம், டயர் தேய்மானத்தில் கழன்ற துத்தநாகம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நுண்ணிய களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுகின்றன. அதிலும் நன்னீரும் உப்புநீரும் கலக்கிற இடத்தில் துகள்கள் திரண்டு வேகமாகப் படியும்.

அந்தச் சேற்றை எடுக்கும் முறை ரொம்ப முக்கியம். மேலாக அள்ளிக் கலக்கி அனுப்பினால் ஒரு சராசரி எண்தான் கிடைக்கும். குழாயைச் செங்குத்தாக இறக்கி, அடுக்கு கலையாமல் வெளியே எடுத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டிச் சோதித்தால் எந்தக் காலத்தில் என்ன வந்து சேர்ந்தது என்று தெரியும். ஈயம்-210 என்பது இயற்கையாகவே சேற்றில் படியும் கதிரியக்க ஈயம். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், சுமார் 22 ஆண்டுகள், அதை வைத்துக் கடந்த நூறு ஆண்டுப் படிவுக்கு வயது கணிக்கலாம். அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற கதிரியக்கப் பொருளான சீசியம்-137, 1963ஐ ஒட்டி உச்சம் தொட்டது, நன்னீர் ஏரிகளில் அது நல்ல அடையாளம். ஆனால் உப்பு ஏறுகிற ஏரியில் சீசியம் துகளை விட்டு நகர்ந்துவிடக்கூடும், அதை மட்டும் நம்பி வயது குறிக்காதீர்கள்.

இன்னொன்று, மணல் மிகுந்த இடத்தில் எண் குறைவாக வந்தால் அது சுத்தம் என்று அர்த்தமில்லை. உலோகம் ஒட்டுவது நுண்துகளில். அதனால் களிமண் எவ்வளவு என்று காட்டும் அலுமினியத்தோடு விகிதம் போட்டுத்தான் ஓரிடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது அவசரத் தூர்வாரல்தான். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கருஞ்சேற்றில் ஆக்சிஜன் கிடையாது, காட்மியம், துத்தநாகம் போன்றவை அங்கே சல்பைடு என்கிற கந்தகச் சேர்மத்தோடு பிணைந்து ஓரளவு அடங்கிக் கிடக்கின்றன. இயந்திரம் கலக்கியதும் அந்தப் பிணைப்பு அவிழத் தொடங்கும், தேங்கியிருந்த பாஸ்பரசும் மேலே வரும், கரைந்திருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் சேறே இழுத்துக்கொள்ள மீன்கள் செத்து மிதக்கலாம். பல ஏரிகளில் அண்மைக்காலப் படிவு சுமாராக இருக்கும், தொழிற்சாலைகள் கேட்பாரில்லாமல் கழிவைத் திறந்துவிட்ட காலத்து அழுக்கு அதற்குக் கீழே புதைந்திருக்கும். அரைகுறை ஆழத்தில் நிறுத்தினால் இருப்பதிலேயே மோசமான அடுக்கைத் திறந்துவைத்துவிட்டு வருகிறோம். தூர்வாரவே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் ஏரியில் வேலை தொடங்கும் முன் ஆழவாரியான சேற்று அறிக்கையைக் கேளுங்கள், அள்ளிய சேறு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். கரையிலேயே கொட்டினால், காய்ந்ததும் சல்பைடு காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாக மாறி, அடுத்த மழைக்கு உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மறுபடி ஏரிக்கே வரும்.