நொதி: சொல்லும் பூஞ்சையும்

என்சைம் என்பதற்குத் தமிழில் நொதி. இலங்கைப் பாடநூல்களில் நொதியம் என்று இருக்கும், பொருள் ஒன்றுதான். உயிரணுக்கள் உண்டாக்கி, வேதிவினையை விரைவுபடுத்தி, வினை முடிந்த பிறகும் தீர்ந்துபோகாமல் நிற்கும் பொருள் இது. பெரும்பாலும் புரதம். வினையூக்கி என்று எழுதிவிட்டால் போதாது, அது பொதுச்சொல். பிளாட்டினமும் வினையூக்கிதான், ஆனால் நொதி ஆகாது.

என்சைம் என்ற சொல் பிறந்ததே பூஞ்சையை வைத்துத்தான். ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கியூனே 1870களில் கிரேக்கத்திலிருந்து இதை ஆக்கினார். 'என்' என்றால் உள்ளே, 'சைமே' என்றால் புளிக்கவைக்கும் பொருள். 'ஈஸ்ட்டுக்குள் இருப்பது' என்பது கருத்து. ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதானே! தமிழ்ச் சொல்லும் நொதித்தல் என்ற வினையிலிருந்தே வந்திருப்பதால், இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

ஆனால் நொதித்தலுக்கு உயிருள்ள ஈஸ்ட் கட்டாயம் வேண்டும் என்றே அன்று பலரும் நம்பினார்கள். 1897இல் ஜெர்மானிய வேதியியலாளர் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். சாறு கெடாமலிருக்கச் சர்க்கரையைச் சேர்த்தார். உயிரணு ஒன்றுகூட இல்லாத அந்தச் சாறு குமிழ்விடத் தொடங்கியது! 1907இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, பூஞ்சைக்குள் நொதிக்கு என்ன வேலை? ஈஸ்ட்டில் ஒரு நொதி, சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றுகிறது. மிஞ்சும் அசிட்டால்டிஹைடை இன்னொன்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஆல்கஹால் ஈஸ்ட்டின் குறிக்கோள் அல்ல. சர்க்கரையைத் தொடர்ந்து உடைக்கத் தேவையான துணைப்பொருளை மீட்டெடுப்பதே நோக்கம். இப்படி உயிரணுவின் ஆக்கச் சிதைவு வேலைகளைச் செய்பவைதாம் வளர்சிதைமாற்ற நொதிகள்.

பூஞ்சைக்கு வாய் கிடையாது. அதனால் உணவை வெளியிலேயே செரித்துக்கொள்கிறது. இழைகள் செல்லுலேஸ் நொதியைச் சுரந்து மரநாரிலுள்ள செல்லுலோஸைக் குளுக்கோஸாக உடைத்து உறிஞ்சுகின்றன. இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்தித் துணிகளை மக்கவைத்த டிரைக்கோடெர்மா பூஞ்சையின் வழித்தோன்றல்கள்தாம் இன்று தொழிற்சாலைகளில் செல்லுலேஸ் தருகின்றன. பெயரின் முன்பகுதி எதை உடைக்கிறது என்று சொல்லும், 'ஏஸ்' என்ற முடிவு நொதி என்று சொல்லும். அதனால் செல்லுலேஸை அப்படியே எழுதுவதே நல்லது.

மருத்துவமும் இங்கேதான் நுழைகிறது. பூஞ்சை உயிரணுவின் சவ்வுக்கு எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப்பொருள் வேண்டும். அதை ஆக்கும் நொதிகளில் ஒன்றைத்தான் பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல் மருந்து தடுக்கிறது. நம் உடலிலும் அந்த நொதி உண்டு, ஆனால் மருந்து பூஞ்சையின் நொதியையே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.