குளோன்: நாற்றங்காலிலிருந்து பாட்டுக்கு வந்த சொல்

இறந்த பாடகரின் குரலைக் கணினி பாடினால் அதைக் ‘குரல் குளோன்’ என்கிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய பெரியவர்களுக்கு இச்சொல் புதிதன்று. விதையில் முளைத்த மரம் அடி பெருத்து மேலே ஒடுங்கும். கன்றின் அடியில் வேறொரு மரத்தின் மொட்டை ஒட்டி வளர்த்த ஒட்டுமரமோ தூண்போல ஒரே பருமனாக நின்று, மொட்டு ஒட்டிய இடத்தில் மட்டும் யானைக்கால்போலப் புடைத்திருக்கும். அந்த ஒட்டுமரங்களின் வகைகள்தாம் குளோன்கள். ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ அவற்றுள் பெயர்பெற்றது. முன்னெழுத்துகள் அதை உருவாக்கிய ரப்பர் ஆய்வுக் கழகத்தைக் குறிக்கின்றன.

சொல்லின் பிறப்பும் செடிகொடியோடு சேர்ந்ததே. கிரேக்கத்தில் ‘குளோன்’ என்பது சிறு கிளை, தளிர். விதையின்றி, கிளையாலும் மொட்டாலும் பெருக்கப்படும் பயிர்களைக் குறிக்க 1903 இல் அமெரிக்கப் பயிரியலாளர் ஹெர்பர்ட் வெப்பர் அதை எடுத்தாண்டார். விலங்குக்கும் கணினிக்கும் அது தாவியது பிறகுதான்.

குரல் குளோனிலும் ஒட்டு வேலையே பெரும்பாலும் நடக்கிறது. பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து ஒருவருடைய குரலின் தன்மையைக் கணினி கற்றுக்கொள்கிறது. உயிரோடிருக்கும் வேறொருவர் மெட்டையும் மூச்சையும் பாவத்தையும் பாடித் தர, அதன்மேல் அக்குரல் ஏற்றப்படுகிறது. வேர்க்கன்று ஒருவருடையது, மேலே தழைப்பது இன்னொருவருடையது. 2024 இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில் மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் இவ்வாறு செயற்கை நுண்ணறிவால் ஒலிக்கச் செய்தபோது, குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார்.

குரல் குளோனைத் தமிழில் ‘போலி’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ‘போல்’ என்பதிலிருந்து வந்த அச்சொல், இலக்கணத்தில் அறம் ‘அறன்’ ஆவதுபோல எழுத்து மாறியும் பொருள் மாறாமையைக் குறிக்கும். ஆனால் கடைத்தெருவில் அதற்கு ஏமாற்று என்ற ஒரே பொருள்தான் எஞ்சியிருக்கிறது. ஆகவே, ஒப்புதலின்றி ஒருவர் முகத்தை இன்னொருவர் உடலில் பொருத்தி ஏய்க்கும் ‘டீப்ஃபேக்’கிற்கு ‘ஆழ்போலி’ பொருந்தும். 2017 இல் ஓர் இணையப் பயனர் சூட்டிக்கொண்ட புனைபெயரிலிருந்து பரவிய அச்சொல்லில் ‘ஆழ்’ என்பது பொய்யின் ஆழமன்று, ‘ஆழக் கற்றல்’ என்னும் கணினி முறை.

‘நகல்’ எல்லார்க்கும் தெரிந்ததாயினும் அரபு மூலமுடையது. அதனினும் பெரிய குறை, நகலெடுக்கும் கடையின் வாடை அதைவிட்டு நீங்காதது. ஏட்டைப் பார்த்து எழுதியதைப் ‘படி’ என்றனர் நம் முன்னோர். எந்த மூலத்தின் படி என்ற கேள்வி அச்சொல்லோடேயே வருகிறது. எனவே குரலுக்குக் ‘குரற்படி’ என்பேன். உருவத்துக்கு ‘உருப்படி’ என்று சேர்த்தால் சலவைக்கடைக் கணக்காகிவிடும். ‘உருவப்படி’ என்று ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளலாம். 2023 இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து ஒப்புதலும் ஊதியமும் கேட்டது இவ்வகை உருவப்படிகளுக்கும் சேர்த்துத்தான்.

பாடலின் பெயர்ப்பட்டியலில் ‘குரற்படி’ என்று மறைந்தவர் பெயரையும், அடுத்த வரியில் ‘பாடித் தந்தவர்’ என்று மற்றவர் பெயரையும் அச்சிட்டால், ஒட்டு எங்கே என்பது மரத்தில் தெரிவதுபோலவே தெரியும்.