ஆர்டர் இரட்டிப்பானால் கல்லா காலியாவது ஏன்?

திருப்பூரில் பவர் டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரெண்டு மாசமா ஆர்டர் ரெண்டு மடங்கு ஆயிருச்சுங்க. ராத்திரி ஷிப்டும் ஓடுது. ஆனா சனிக்கிழமை சம்பளம் போடக் கைமாத்து வாங்க வேண்டியிருக்கு. வாஸ்து பாக்கறவரு வாசலை மாத்தச் சொல்றாரு, 80 ஆயிரம் ஆகுமாம். மாத்தலாமுங்களா?"

வேலை இல்லாமல் மிஷின் சும்மா கிடந்தால் காசு இருக்காது; அது எல்லோருக்கும் தெரியும். மிஷின் ஓட ஓடக் காசு குறைவதுதான் புதிர். இதை அவிழ்க்கும் ஒரு கணிதத் தேற்றம் இருக்கிறது. அதை எப்போது நினைத்தாலும் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

ஒரு டீக்கடைக்கு நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள். ஆளுக்குச் சராசரியாக 10 நிமிடம் நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள். அப்படியானால் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் கடையில் சராசரியாக 20 பேர் இருப்பார்கள். வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை. அவ்வளவுதான். இந்த வாய்பாடு முன்பே புழக்கத்தில் இருந்தது; 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் இதற்குப் பொதுவான நிரூபணம் கொடுத்தார். பஸ் வந்து நின்றதும் கூட்டமாக வந்தாலும் சரி, ஒவ்வொருவராக வந்தாலும் சரி, முதலில் வந்தவருக்கு முதல் கிளாஸ் கொடுத்தாலும் கடைசியில் வந்தவருக்குக் கொடுத்தாலும் சரி, நீண்டகாலச் சராசரி இந்தப் பெருக்கலை மீறாது. மனிதர்களின் குணம், அவசரம், பழக்கம் எதையும் கேட்காமலேயே விடை சொல்லிவிடுகிறது!

இப்போது ஆட்களுக்குப் பதில் ரூபாயை வைத்துப் பாருங்கள். தைத்த பீஸைக் கொடுத்துப் பில் போட்ட கணத்தில் அந்த ரூபாய் வரிசையில் போய் நிற்கிறது. வசூலாகும்போதுதான் வெளியே வருகிறது. உங்கள் மேஜை ஓரத்தில் பில் குத்தி வைக்கும் கம்பி இருக்கிறதே, அதுதான் அந்த டீக்கடை.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தினம் 10,000 ரூபாய்க்குப் பில். கூலி, நூல், கரண்ட், வாடகை என்று தினம் 9,000 செலவு. பணம் வர 75 நாள். கம்பியில் எப்போதும் 7,50,000 ரூபாய் குத்தியிருக்கும். பல வருஷம் நடந்த தொழிலாதலால் இதைத் தாங்கிக்கொண்டு போய்விடும்.

ஆர்டர் இரட்டிப்பாகிறது. இன்று முதல் தினம் 18,000 செலவு. சனிக்கிழமை மாலை கவரை வாங்க நிற்கும் டெய்லரிடம் 75 நாள் பொறு என்று சொல்ல முடியாது. ஆனால் வரும் பணம்? அது 75 நாளைக்கு முன் போட்ட பழைய பில்லின் பணம், அதே 10,000தான். தினம் 8,000 பள்ளம். 75 நாளில் 6 லட்சம். அதற்குப் பிறகுதான் புதிய பில்கள் வசூலாகத் தொடங்கும். அப்போது மிஞ்சும் தினம் 2,000ஐக் கொண்டு பள்ளத்தை மூட 300 நாள் ஆகும், வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருந்தால்!

இந்த 75 நாளும் கணக்குப் புத்தகத்தில் லாபம்தான். ஆடிட்டர் பொய் சொல்லவில்லை. பில் போட்டதுமே வருமானம் என்று எழுதுவது கணக்கு முறை. ஜிஎஸ்டியும் பணம் கைக்கு வந்ததா என்று பார்க்காது, பில் தேதியைத்தான் பார்க்கும். பள்ளம் இன்னும் ஆழமாகிறது. 6 லட்சத்தை 3 வட்டிக்கு வாங்கினால் மாதம் 18,000 அதிலேயே போய்விடும்.

வாங்குபவர் "இன்னும் 15 நாள் பொறுங்க" என்று ஒரு போனில் சொல்லிவிடுகிறார். புதிய பில் வசூலாகும் நேரத்தில் அந்த ஒரு வரியின் விலை 3 லட்சம். அது வட்டியில்லாக் கடன், கொடுப்பவர் நீங்கள். அதனால்தான் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. இந்தப் பயம் எனக்குப் புரிகிறது, கோபமும் வருகிறது.

இன்னொரு கோபமும் உண்டு. லிட்டில் தேற்றத்தை நம் பொறியியல் மாணவர்கள் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பக்கத்துத் தெரு யூனிட்டுகளுக்கு அனுப்பி, பில் கம்பிகளை எண்ணச் சொல்ல ஒரு சிறு நிதி ஒதுக்கினால் போதும். அந்த அறிவு வராத இடத்தில்தான் பூசணிக்காயும் வாஸ்துவும் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

நண்பரே, இன்றிரவு கடைசியாக வசூலான 30 பில்லை எடுங்கள். ஒவ்வொன்றிலும் போட்ட தேதி, பணம் வந்த தேதி இரண்டையும் எழுதி, இடைப்பட்ட நாள்களின் சராசரி எடுங்கள். அதுதான் உங்கள் 75. மேலே சொன்ன கணக்கில் 75ஐ 45 ஆக்கினால் பள்ளம் 3,60,000தான். மூட 180 நாள். புது ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் நூல் செலவுக்காவது கொஞ்சம் முன்பணம் கேளுங்கள். முழுதாக இரட்டிப்பாக்காமல் படிப்படியாக ஏற்றுங்கள்.

வாசல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அந்த 80 ஆயிரம், தினம் 8,000 பள்ளத்தில் 10 நாளைக்குத் தாங்கும்.