பொருள்கோள்: ஹெர்மெனியூட்டிக்ஸுக்கு நம்மிடம் உள்ள சொல்

இலக்கியக் கோட்பாடு பேசும் கட்டுரைகளில் 'ஹெர்மெனியூட்டிக்ஸ்' அடிக்கடி வந்து விழும். ஒரு பனுவலுக்கு எப்படிப் பொருள் காண்கிறோம் என்று ஆராயும் துறை அது. விளக்கு, எடுத்துச் சொல், மொழிபெயர் என்றெல்லாம் பொருள்படும் கிரேக்க வினையே மூலம். தேவர்களின் தூதன் ஹெர்மீஸின் பெயரிலிருந்து பிறந்தது என்பார்கள். கதை அழகுதான், ஆனால் சொற்பிறப்பு ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. 1654இல் டான்ஹவுவர் என்ற இறையியலாளர் இச்சொல்லைத் தம் நூலின் தலைப்பில் வைத்தபோது, அது விவிலியத்துக்கு உரை காணும் முறை. பிறகு ஷ்லையர்மாகர் என்ற ஜெர்மானிய இறையியலாளர் போன்றோர் எல்லா எழுத்துக்கும் உரியதாக விரித்தார்கள்.

தமிழில் 'விளக்கவியல்' என்றும் 'பொருள்கோளியல்' என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. விளக்கம் என்றால், பொருள் ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது, வெளிச்சம் காட்டினால் போதும் என்று ஆகிவிடுகிறது. 'கோள்' அப்படியல்ல. 'கொள்' என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர் அது (கோள் சொல்வதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). கொள்வதற்கு ஓர் ஆள் வேண்டும்.

நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களும் செய்யுளில் சொற்களைக் கூட்டிப் படிக்கும் முறைகளே. துறைப்பெயராக்கும்போது கொஞ்சம் இழுத்துத்தான் நீட்டுகிறோம். ஆனாலும், வெவ்வேறு அடிகளில் உள்ள சொற்களைப் பொருளுக்கேற்ப எடுத்துவந்து கூட்டும் 'கொண்டுகூட்டு' இங்கே அருமையாகப் பொருந்துகிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் பாட்டில் 'அஞ்சனத் தன்ன பசலை' என்று வரும். பிரிவில் மேனி வெளிறுவதுதான் பசலை, அது எப்படி மைபோல் கருக்கும்? மையை எடுத்து முதலடியில் உள்ள கூந்தலோடு சேர்த்தால் சரியாகிவிடும்.

விமர்சகர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 1847இல் வெளிவந்த 'ஜேன் ஐர்' நாவலில், ஜேன் மணக்கவிருப்பவரின் முதல் மனைவியும் மாடியில் அடைத்துவைக்கப்பட்டவளுமான பெர்த்தா, அத்திருமணத்துக்கு முன் ஓர் இரவில் வந்து ஜேனின் முக்காட்டுத் துணியைக் கிழித்து மிதிக்கிறாள். அந்த ஆடம்பரத் துணியில் ஜேனுக்கே மனம் ஒட்டவில்லை. 1979இல் பெண்ணிய விமர்சகர்களான கில்பர்ட், குபார் இருவரும் இக்காட்சியை, சிறுமி ஜேன் சிவப்பு அறையில் பூட்டப்பட்ட காட்சியோடு கூட்டினார்கள். ஜேன் அடக்கிய கோபமே பெர்த்தாவாக நடமாடுகிறது என்பது அவர்கள் கொண்ட பொருள்.

1985இல் பின்காலனிய விமர்சகர் காயத்ரி ஸ்பிவாக் வேறு அடிகளைக் கூட்டினார். பெர்த்தா, அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஜமைக்காவிலிருந்து வந்தவள். அவளோடு வந்த சீர் முப்பதாயிரம் பவுண்டு. அவளை முதன்முதலில் பகலில் பார்க்கும் ஜேனுக்கு, மிருகமா மனுஷியா என்றே தெரியவில்லை. ஜேன் நாயகியாக எழுந்து நிற்க, பெர்த்தா வீட்டுக்குத் தீவைத்துச் சாக வேண்டியிருக்கிறது என்றார் ஸ்பிவாக். முதல் வாசிப்பில் ஜேனின் மறுபாதியாக இருந்தவள், இதில் பேரரசின் பலி. எனக்கு ஸ்பிவாக்கின் கூட்டல்தான் வலுவாகப் படுகிறது. பெர்த்தாவை ஜேனின் நிழலாக மட்டும் பார்த்தால் அந்த ஜமைக்கா எங்கே போவது?

எழுதும்போது ஒன்று: துறையைக் குறிக்கப் பொருள்கோளியல். ஒருவர் செய்த வாசிப்பைக் குறிக்க 'இயல்' வேண்டாம். பெண்ணியப் பொருள்கோள், பின்காலனியப் பொருள்கோள் என்றே எழுதலாம்.