அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவர்

அந்த உடையறை கட்டி முடித்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கட்டியது நான் இல்லை. "துணியில் ஏதோ வாடை வருகிறது, ஒருமுறை வந்து பார்க்க முடியுமா?" என்று கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே போனதும் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தேன், அவ்வளவு நேர்த்தியான வேலை. தரையிலிருந்து கூரை வரை ஷட்டர்கள், அதாவது அலமாரிக் கதவுகள், நடுவில் கல் பதித்த மேஜை, கதவைத் திறந்ததும் தானாக எரியும் விளக்கு. ஆனால் கோட்டுகள் தொங்கிய பக்கம் போனால் மட்டும் மக்கிய வாடை மூக்கில் ஏறியது. பின்பலகையில் ஒரு துண்டைக் கழற்றினேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் ஷவர் இருந்தது.

பெரிய வீடுகளில் இது நான் அடிக்கடி பார்க்கும் அமைப்பு. படுக்கையறை, அதை ஒட்டி உடையறை, அதற்குள்ளிருந்தே குளியலறைக்கு வழி. வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குளித்துவிட்டுக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நீராவி நேராகத் துணிகள் இருக்கும் அறைக்குள் வருகிறது. உடையறைக்கு ஜன்னல் வைக்கமாட்டார்கள், வைத்தால் ஒரு அலமாரிக்கான சுவர் போய்விடும். ஏசி படுக்கையறையோடு நின்றுவிடும். ஆக, வீட்டிலேயே காற்று குறைவாகப் புழங்கும் அறையில் வீட்டிலேயே விலை அதிகமான துணிகள் போய் உட்காருகின்றன.

இருபது வருடத்துக்கு மேலாக அலமாரி செய்யும் வேலையில் இருக்கிறேன். வாடிக்கையாளரோடு முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் என்றால், ஐம்பது நிமிடம் ஷட்டர் நிறத்துக்கும் கைப்பிடிக்கும் போய்விடும். சுவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் பிற்பாடு பழுது பார்க்கக் கூப்பிடும் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் சுவரில், தரையில், பலகையின் உள்ளே இருக்கிறது. பலகை மேல் ஒட்டும் லேமினேட் தாளின் நிறம் பிடிக்கவில்லை என்று யாரும் என்னைத் திரும்பக் கூப்பிட்டதில்லை.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு, நீங்களே செய்யலாம். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை எடுத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் ஈரம் கோத்திருந்தால், சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. குழாய்க் கசிவோ, குளியலறையின் நீர்த்தடுப்புப் பூச்சோ, காயாத புதுப் பூச்சோ, எது காரணம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் சுவர் குளிர்ந்திருக்கிறது, அறைக் காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிகிறது என்று அர்த்தம். முதலாவதுக்குக் கொத்தனாரும் பிளம்பரும் வேண்டும். இரண்டாவதுக்குக் காற்றோட்டம் வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஓதத்தைத் தாங்கும் பிளைவுட் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் ஆட்களும் உண்டு. பிளைவுட் தாங்கும், சரி. அதற்குள் தொங்கும் பட்டும் தோலும் தாங்காது.

காற்றின் ஈரப்பதம் வெகுநாள் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி உடையறையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். நான் வரைபடம் போடுவதற்கு முன்பே இதைக் கேட்பேன். 45-க்கும் 55-க்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. எப்படி இருந்தாலும் வெளிச்சுவரை ஒட்டி வைக்கும் அலமாரியை நான் சுவரோடு ஒட்டுவதில்லை. பின்னால் மூன்று நான்கு செ.மீ. இடைவெளி விட்டு, அடிக்கட்டையிலும் மேல்பட்டையிலும் காற்றுப் போக வழி வைப்பேன். "இடம் வீணாகிறதே" என்பார்கள். ஆகத்தான் செய்யும்.

புதுவீடு என்றால் இன்னொன்று. பூச்சு வேலை காய்வதற்கு முன்பே அலமாரி வேலையைத் தொடங்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள், குடிபுகும் தேதி குறித்தாகிவிட்டது என்பார்கள். ஈரமான வீட்டுக்குள் கொண்டுபோய் அடுக்கிய பலகை அந்த ஈரத்தைக் குடித்து ஊதும், வீடு காய்ந்ததும் சுருங்கும். நேராக மாட்டிய ஷட்டர் மூன்று மாதத்தில் கோணும். அப்போது திட்டு வாங்குவது கார்பென்டர்தான். பலகை வந்து இறங்கியதும் குறைந்தது இரண்டு மூன்று நாள் அந்த அறையிலேயே இருக்கட்டும், அதன் பிறகு பூட்டலாம் என்பது என் வழக்கம்.

இனி அளவு. அலமாரியை வரைவதற்கு முன் துணியை எண்ண வேண்டும். சிரிக்காதீர்கள், உண்மையாகவே எண்ண வேண்டும். ஒருவர் தன்னிடம் இருபது ஜோடி காலணி இருக்கலாம் என்றார், எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று. சட்டை ஒன்றுக்கு இரண்டரை செ.மீ. என்று வைத்தால் ஒரு மீட்டர் கம்பியில் நாற்பது சட்டை தொங்கும். கனத்த கோட்டு ஒன்று ஐந்தாறு செ.மீ. பிடிக்கும், அதே கம்பியில் பதினைந்து இருபதுக்கு மேல் போகாது. சட்டைக்கு ஒரு மீட்டர் உயரம் போதும், அதனால் மேலும் கீழுமாக இரண்டு கம்பி வைக்கலாம். தரையைத் தொடும் நீள உடுப்புக்கு 160 செ.மீ. விட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் எல்லாப் பகுதியையும் ஒரே மாதிரி பிரித்துவிட்டால், பாதி அலமாரியில் துணியின் கீழே வெற்றிடம், மீதியில் துணி மடிந்து கிடக்கும்.

ஆழத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹேங்கரின் அகலம் 42 முதல் 45 செ.மீ., அதில் மாட்டிய கோட்டின் தோளும் கையும் சேர்த்தால் உள்ளே 55 செ.மீ. வேண்டும், வெளியளவு 60. தள்ளு கதவு என்றால் அதன் தண்டவாளத்துக்கு இன்னும் பத்து செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். நடைவழி குறுகலாகத் தெரிகிறது என்று ஆழத்தை 50-க்குக் குறைத்த ஒரு அறையைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் ஷட்டரைச் சாத்தும்போதெல்லாம் ஒரு கையால் கோட்டை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் அலமாரி, நடுவில் 90 செ.மீ. நடைவழி என்றால் அறைக்கு 2.1 மீட்டர் அகலம் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. மேஜை வேறு வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், அதைச் சுற்றிலும் அதே 90 செ.மீ. கிடைக்கிறதா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உயரமான கூரை உள்ள வீடுகளில் நடக்கும் ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கூரை உயரத்துக்குச் சரியாக 2.7 மீட்டரில் ஒரே பெட்டியாகத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்தார்கள், ஆழம் 60. தரையில் படுக்கவைத்து நிமிர்த்தினால், பெட்டி எழும்பும்போது அதன் மூலைவிட்டம் 2.77 மீட்டர். ஏழு செ.மீ. அதிகம். முக்கால்வாசி நிமிர்ந்ததும் ஃபால்ஸ் சீலிங்கில் முட்டி, அதையும் உடைத்து, பெட்டியையும் பிரித்து... அப்படி ஒரு நாள். அதனால்தான் உயரமான அலமாரியைக் கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி என்று இரண்டாகச் செய்கிறோம், அல்லது நின்ற நிலையிலேயே பூட்டுகிறோம். உங்களிடம் வேலை எடுப்பவர் லிஃப்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளக்காமல் கிளம்பினால், கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு செலவழித்துக் கட்டிய வீடாக இருந்தாலும் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்காது. கீழே ஒரு அளவு, இடுப்புயரத்தில் ஒரு அளவு, மேலே ஒரு அளவு என்று மூன்று இடத்தில் அகலத்தை எடுத்து, மூன்றில் சிறியதை வைத்துப் பெட்டி செய்ய வேண்டும். மீதி இடைவெளியை மறைக்கும் பட்டையைச் சுவரின் வளைவுக்கு ஏற்ப இழைத்து ஒட்டுவதில்தான் கைவேலை தெரியும். அந்த இடத்தில் வெள்ளை சிலிகானைத் தடிமனாக அப்பியிருந்தால், வேலை எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தட்டு தொய்வது இன்னொரு அடிக்கடி வரும் புகார். 18 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டில், அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையில், 80 செ.மீ.க்கு மேல் தாங்கல் இல்லாமல் தட்டு போடமாட்டேன். காரணம் இருக்கிறது. அதே அடுக்குத் துணியைத் தட்டு நீளத்துக்கும் வைத்து, தாங்கல்களுக்கு நடுவே உள்ள நீளத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு இரண்டு மடங்காகாது, பதினாறு மடங்காகும். பலகையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். நீளமாக, இடைத்தாங்கல் இல்லாத தட்டுதான் வேண்டும் என்றால் தடிமனைக் கூட்டுங்கள் அல்லது முன் ஓரத்தில் ஒரு பட்டை அடியுங்கள். தொங்கும் கம்பிக்கும் இதே கதைதான், ஒரு மீட்டர் தாண்டினால் நடுவில் ஒரு தாங்கி வேண்டும்.

பிடிப்பு விஷயத்தில் மட்டும் என்னிடம் பேரம் பேச முடியாது. அலமாரியைச் சுவரில் பிடிக்கும் திருகு பூச்சுக்குள் நின்றுவிட்டால் அது பிடிப்பே இல்லை. கட்டுக்கல்லுக்குள் போக வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் உள்ளே இருக்கும் சட்டத்தைத் தேடிப்பிடித்து அதில் அடிக்க வேண்டும். காற்றுத்துளைகள் நிறைந்த, எடை குறைந்த இலகுக்கல் சுவருக்கு அதற்கென்றே வரும் ஆங்கர் இருக்கிறது, சாதாரண பிளக் அதில் கழன்று வந்துவிடும். இழுப்பறைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்தால் எடை முன்னால் சாயும். குழந்தை அதில் படிபோல ஏறினால் மொத்தமும் சாயும். தனியாக நிற்கும் துணி அலமாரிகள் இப்படிக் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால்தான் அமெரிக்காவில் 2022 இறுதியில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நடு மேஜையும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் இழுப்பறை, மேலே கல் என்றால் தரையோடு பிடிக்க வேண்டும். 20 மி.மீ. கல் ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும்.

ஒப்படைக்கும் நாளில் இதைச் சோதிக்க உங்களுக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லா இழுப்பறையையும் இழுத்துவிட்டு, அலமாரியின் மேல்பகுதியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு டார்ச்சை எடுத்து, கைக்கு எட்டாத இடங்களைப் பாருங்கள். தட்டின் பின் ஓரம், ஒயருக்காகப் போட்ட துளை, அடிக்கட்டையின் உள்பக்கம். ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டாமல் விட்ட வெட்டு வாய் அங்கேதான் இருக்கும். அதன் வழியாகத்தான் ஈரம் ஏறும், பலகைப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசிவதும் அங்கேதான் அதிகம். 2004-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பலகை குறைந்தது, இந்த வாயுக் கசிவுக்கு வரம்பு வைக்கும் இ1 தரமாவது இருக்கிறதா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். புது அலமாரியை ஒன்றிரண்டு வாரம் திறந்து போட்டுவிட்டுத் துணியை அடுக்கினால் நல்லது.

விளக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம். எல்இடி பட்டைக்கு மின்சாரம் தரும் டிரைவரைப் பின்பலகைக்குப் பின்னால் வைத்து மூடிவிடுகிறார்கள். பட்டைக்கு முன்பே அதுதான் பெரும்பாலும் பழுதாகிறது. அதை எடுக்க அலமாரியை உடைக்க வேண்டியிருந்தால் யார் உடைப்பது என்று முதலிலேயே கேளுங்கள்.

அந்த முதல் வீட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்றால், நான்கு பெட்டிகளை இறக்கி, ஷவர் சுவரின் நீர்த்தடுப்பைப் பிளம்பரும் கொத்தனாரும் திரும்பச் செய்து முடிக்கும் வரை கிட்டத்தட்ட ஐந்து வாரம் காத்திருந்தோம். பாலித்தீன் தாள் இரண்டு தடவை காய்ந்து வந்த பிறகு, நான்கு செ.மீ. முன்னால் தள்ளிப் பெட்டிகளைத் திரும்ப வைத்தோம். கறுத்த பின்பலகைகளை மாற்றினோம். குழாய் போகும் இடத்துக்கு நேராக, புதுப் பின்பலகையில் இரண்டு திருகைக் கழற்றினால் திறக்கும் ஒரு சின்ன மூடி வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இல்லை என்று வீட்டுக்காரம்மா முகம் சுளித்தார். கோட்டுகளை மாட்டிவிட்டால் தெரியாது என்றேன். போன மாதம் போன் செய்தபோது, அந்த மூடியை அவரே கழற்றிக் கையை உள்ளே விட்டுப் பார்த்ததாகச் சொன்னார். காய்ந்துதான் இருந்ததாம்.