'மூன்று ஆண்டுகள் கழிந்தன' என்ற வரிக்குள் இருப்பவர்கள்

நாவல்களில் அடிக்கடி இப்படி நடக்கும். அப்பா பக்கவாதத்தில் விழுவார், வீடே பதறும், அத்தியாயம் முடியும். அடுத்த அத்தியாயம் 'மூன்று ஆண்டுகள் கழிந்தன' என்று தொடங்கும். அதற்குள் அப்பா இறந்திருப்பார், மகனுக்கு வேறு ஏதோ பிரச்சினை முளைத்திருக்கும். கதை நகர வேண்டுமே, குறை சொல்லவில்லை. ஆனால் மனநல ஆலோசகராக நான் தினமும் சந்திப்பது அந்த மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவர்களைத்தான். அப்பாவைக் குளிப்பாட்டியது யார், ராத்திரி எத்தனை தடவை எழுந்தார்கள், எந்தக் கட்டத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு நின்றது, இதையெல்லாம் எந்த நாவல் சொன்னது?

ஆலோசனை முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது சிலர் ஒன்று கேட்பார்கள்: "என்னை மாதிரி ஒருத்தரைப் பத்தி ஏதாவது கதை இருக்குங்களா?" அறிவுரைப் புத்தகம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, பாதி படித்த நிலையில். ஒருவர் இதே வேலையைச் செய்து, இதே மாதிரி எரிச்சல்பட்டு, மறுநாளும் எழுந்து அதையே செய்வதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். என்னிடம் தருவதற்குப் பெரிய பட்டியல் இல்லை என்பதுதான் சங்கடம்.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய். தினமும் காலையில் சட்டைப் பொத்தான் போடுவதுதான் அவர்கள் வீட்டில் பெரிய காரியம். முதல் பொத்தானை இரண்டாவது துளையில் மாட்டுவார், கடைசியில் ஒன்று மிஞ்சும், எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தானே போட்டுவிட்டால் அரை நிமிட வேலை. ஆனால் அவருக்கென்று மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு வேலைகளில் அதுவும் ஒன்று. ஒருநாள் பொறுமை போய், கையைத் தட்டிவிட்டுத் தானே போட்டுவிட்டார். காலமெல்லாம் 'வா, போ' என்று பேசிய மனிதர், நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றாராம். இதைச் சொல்லும்போது அந்த அம்மா முதலில் சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

அவர் என்னிடம் வந்தது அந்தச் சட்டைக்காக இல்லை. "இதெல்லாம் எப்பதான் முடியும்னு நினைச்சுட்டேன். அப்படி நினைச்சவ மனுஷியா?" என்று கேட்கத்தான் வந்தார்.

நீண்ட நாள் நோயாளியைக் கவனிப்பவர்களில் ஏராளமானோருக்கு இந்த எண்ணம் வரும். முடிய வேண்டும் என்று ஆசைப்படுவதும், அவர் சாக வேண்டும் என்று ஆசைப்படுவதும் ஒன்றல்ல. தூங்காத உடம்பு ஓய்வு கேட்கிறது. அந்தக் கேள்விக்குக் கண்ணுக்கு எட்டிய ஒரே பதில் மரணம் என்பதால் மனம் அங்கே போய் முட்டுகிறது. அன்பு குறைந்துபோனதால் வருவதில்லை. சொல்லப்போனால், அன்பு இல்லாதவர்கள் இவ்வளவு குற்ற உணர்வோடு என் அறைக்கு வருவதில்லை.

இது ஒரு சிலருடைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021-இல் உலகம் முழுவதும் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் அதற்குச் செலவிடுகிறார்கள். டிமென்ஷியா நோயாளிகளுக்குக் கிடைக்கும் கவனிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடைய உழைப்பு. இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் செய்கிற ஒரு வேலை கதைகளில் இவ்வளவு குறைவாக வருவதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

பராமரிப்பாளரின் சுமையை அளக்க எங்கள் துறையில் ஒரு வினாத்தாள் இருக்கிறது. ஸாரிட் என்ற உளவியலாளர் பெயரால் வழங்குவது, இன்று பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 22 கேள்விகள். அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, அவர் நடந்துகொள்வது வெட்கமாக இருக்கிறதா, இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் போக மாட்டோமா என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்கும். அதைப் படித்ததும் பலர் அழுதுவிடுகிறார்கள். இப்படிக் கேள்வியே இருக்கிறது என்றால் நமக்கு முன்னால் பலருக்கும் இப்படித் தோன்றியிருக்கிறது என்று புரிந்துவிடுகிறது, அதனால்தான். ஒரு நாவல் செய்ய வேண்டிய வேலையை ஒரு மருத்துவப் படிவம் செய்துகொண்டிருக்கிறது. எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இலக்கியம் இதைத் தொட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' குறுநாவலில் கெராசிம் என்று ஒரு வேலைக்காரன் வருவான். காலை உயர்த்திப் பிடித்தால் எஜமானருக்கு வலி குறைகிறது என்று, சில நாள் இரவு முழுக்க அந்தக் கால்களைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அபாரமான காட்சி. ஆனால் கெராசிமின் தோள் வலித்ததா? கதை இவானுடையது, அதனால் நமக்குத் தெரியாது. காஃப்கா 1915-இல் வெளியிட்ட 'உருமாற்றம்' இன்னும் அருகில் போகிறது. அதில் அண்ணன் ஒருநாள் காலையில் பெரிய பூச்சியாக மாறிக் கிடப்பான். தங்கை முதலில் அண்ணனுக்கு எது பிடிக்கிறது என்று பார்க்க விதவிதமாகச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள். மாதங்கள் போகப்போக, கையில் கிடைத்ததைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போவாள். கடைசியில் இதைத் தொலைத்துத்தான் ஆக வேண்டும் என்று முதலில் வாய்விட்டுச் சொல்பவளும் அவள்தான். அவளை வில்லியாகப் படிப்பவர்கள் உண்டு. என் வேலையில் இருப்பவர்களுக்கு அவள் மிகவும் தெரிந்த முகம்.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1926-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதே குறையைத்தான் சொன்னார். காதல், போர், பொறாமைக்கு இணையாக நோய் ஏன் இலக்கியத்தின் பெரிய பொருளாகவில்லை என்று கேட்டார். அவர் பேசியது படுத்திருப்பவரைப் பற்றி. பக்கத்தில் விழித்திருப்பவர் அதிலும் வெளியேதான் நிற்கிறார்.

முதுமை விஷயத்தில் நம்மிடம் ஒரு பழைய பெருமை இருக்கிறது. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில், மருத மரக் கிளையிலிருந்து ஆழமான நீரில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய இளமையை ஒரு கிழவர் நினைத்துக்கொள்கிறார். இப்போது கையில் தடி, உடம்பில் நடுக்கம், 'இருமிடை மிடைந்த சில சொல்'. இருமலுக்கு நடுவே நாலு வார்த்தை, அவ்வளவுதான். முதுமையை உள்ளேயிருந்து சொன்ன பாட்டு அது. இன்றைய கதைகளில் முதியவர் பெரும்பாலும் பிள்ளைகளின் பிரச்சினையாகவோ ஞானம் பேசும் தாத்தாவாகவோதான் வருகிறார். எழுபது வயதில் புதிதாக ஒருவர்மேல் பிரியம் வருவது, காது மந்தமானதால் கூட்டத்தில் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு மெல்ல வீட்டுக்குள் முடங்குவது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே 'நான் யார்' என்று தடுமாறுவது, இதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிற அளவுக்கு நூலக அலமாரியில் இல்லை.

இன்னொன்று, இறப்பே நடக்காத இழப்பு. சட்டைப் பொத்தான் அம்மாவுக்கு நடந்தது அதுதான். ஆள் இருக்கிறார், ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஆளாக இல்லை. அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் 1970-களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது இந்த வகை இழப்புக்குத் தனியாகப் பெயர் கொடுத்தார். தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகச் சொல்லவும் முடியாது என்பது ஒரு வகை. ஆள் உடம்போடு எதிரில் இருந்தும் மனத்தால் இல்லை என்பது இன்னொரு வகை. அழுவதற்கு ஒரு நாள் குறிக்க முடியாது, யாரும் துக்கம் விசாரிக்கவும் வரமாட்டார்கள். போதை அடிமைத்தனத்தில் போன மகன், பேச்சை முறித்துக்கொண்டு போன தங்கை, காரணம் சொல்லாமல் விலகிய இருபது வருட நட்பு என்று நான் இதை நீட்டிக்கொண்டே போவேன். காதல் முறிவுக்கு எத்தனை நாவல்! நட்பு முறிவுக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம்.

துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற 'ஐந்து கட்டங்கள்' கதைகளிலும் தொடர்களிலும் புகுந்து ஒரு விதியாகவே ஆகிவிட்டது. மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, தனக்கு மரணம் நெருங்கிவிட்டது என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. பறிகொடுத்தவர்கள் படியேறுவதுபோல் அதில் ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. "எனக்குக் கோபமே வரலையே, நான் சரியா துக்கப்படலையா?" என்று கேட்கிறவர்களைப் பார்க்கும்போது, ஒரு தவறான கதை எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது என்று தெரிகிறது. துக்கம் ஒழுங்கில்லாமல் வந்து போவதுதான் வழக்கம். ஒரு வருடத்துக்கு மேலாகியும் ஏறக்குறைய தினமும் அதே தீவிரம், அன்றாட வேலைகள் முடங்கிக் கிடக்கின்றன என்றால் மட்டும் அதை நீடித்த துக்கக் கோளாறாகப் பார்க்கிறோம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

கருச்சிதைவு கதைகளில் பெரும்பாலும் ஒரு திருப்பமாக வந்து போகும். உண்மையில், தெரியவந்த கர்ப்பங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை கலைந்துவிடுகின்றன. ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். மாடிப்படி ஏறியதோ வேலைக்குப் போனதோ இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும், 'நான் அன்னைக்கு அதைத் தூக்காம இருந்திருந்தா' என்ற வாக்கியம் அவ்வளவு லேசில் போவதில்லை. வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் கணவனிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லை. அவனைப் பற்றி ஒரு நல்ல சிறுகதை வந்தால் நான் பிரதி எடுத்து வைத்துக்கொள்வேன்.

மாதவிடாய் நிற்கும் பருவம் பொதுவாக 45 முதல் 55 வயதுக்குள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தூக்கம் கெடும், உடம்பு திடீரென்று தகிக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். உலகில் பாதிப் பேர் கடந்துபோகும் பாதை. ஆனால் கதையில் அந்த வயதுப் பெண் யாரோ ஒருவருக்கு அம்மாவாக மட்டும் இருக்கிறாள். நோய் குணமான பிறகு வரும் காலமும் அப்படித்தான். புற்றுநோய் சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட அசதி தொடரும். மருத்துவமனை வாசலில் வண்டி கிளம்பியதோடு கதை சுபமாக முடிந்துவிடுவதால், வீட்டில் இருப்பவர்களும் அப்படியே எதிர்பார்க்கிறார்கள்.

இருண்ட விஷயங்களை எழுதினால் படிப்பவருக்கு ஆபத்து என்று ஒரு பயம் இருக்கிறது. முழுக்கத் தவறான பயம் இல்லை. தற்கொலையை விவரமாக, கவர்ச்சியாகச் சொல்லும் செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் கூடுவதை 1974-இலிருந்தே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் 2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது. அந்த எண்ணம் வந்தும், வேறு வழி கண்டு மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்திருந்தன. மோட்சார்ட்டின் ஓபராவில் அப்படிக் காப்பாற்றப்படும் பாத்திரத்தின் பெயரால் அதைப் பாபகேனோ விளைவு என்கிறோம். ஆக, எழுதலாமா கூடாதா என்பதல்ல, எப்படி எழுதுகிறோம் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. எப்படிச் செய்தார் என்ற விவரம் வேண்டாம். அந்த இரவை எப்படித் தாண்டினார் என்பது வேண்டும்.

இங்கிலாந்தில் 2013 முதல் பொது நூலகங்களோடு சேர்ந்து புத்தகங்களைப் பரிந்துரைக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. மருத்துவர் சொல்லலாம், நாமே போயும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல முயற்சி. ஆனால் படிப்பதால் மட்டும் சமாளிக்க முடியாத நிலை ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உங்கள் கவனிப்பில் இருப்பவரை அடிக்கக் கை ஓங்குகிறது என்றால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து, அன்றைக்கே யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் காத்திருக்காமல் உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவசர உதவியை அழையுங்கள். நோயாளியின் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

தேடிய புத்தகம் கிடைக்காதவர்களிடம் எழுதிப் பார்க்கச் சொல்வதுண்டு. பென்னிபேக்கர், பீல் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 1986-இல் சோதித்த முறை எளிது: தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம், மனத்தை அழுத்துவதை எழுத்துப் பிழை பார்க்காமல் எழுத வேண்டும். யாரிடமும் காட்ட வேண்டாம், கிழித்துப் போடவும் செய்யலாம். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனமாகத் தோன்றுவது பலருக்கும் நடக்கிறது, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மறுநாளும் அடங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, எழுதியதை வைத்து யாரிடமாவது பேசலாம். பெரிய அதிர்ச்சி நடந்த அந்த வாரமே இதில் இறங்க வேண்டாம்.